அகில் மணமும் ஐந்து லட்சம் மேசையும்

'பழந்தமிழர் வாழ்வை உயர்த்தியது வயலா? வணிகமா?' என்பது தலைப்பு. எதிரணி அம்மையார், "சோறு போட்டது வயல்" என்றார். உண்மைதான். ஆனால் சோறு, ஊர்ப்பேரை உரோமாபுரிக்குக் கொண்டு போகுமா?

மதுரையிலே கடல் இருக்கா? இல்லை. ஆனாலும் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே பிளினி என்ற உரோமானியர், பாண்டியன் தலைநகர் மதுரை, அது துறைமுகத்துக்கு வெகுதூரம் உள்ளே இருக்கிறது என்று எழுதிவிட்டார். நெல்லைப் பார்த்தா எழுதினார்? மிளகுக் கப்பல் போகிற வழியைச் சொல்லும்போது எழுதினார்!

அவரே இன்னொன்றும் சொல்கிறார். உரோமப் பணக்காரர்களுக்கு, வட ஆப்பிரிக்காவின் அட்லஸ் மலையில் விளைந்த மணமுள்ள மரத்தில் மேசை செய்து வைப்பதிலே ஒரே பைத்தியம். சிசரோ ஒரு மேசைக்கு 5 லட்சம் செஸ்டர்ஸ் நாணயம் கொடுத்தாராம்! "இத்தனை முத்து எதுக்குடி?" என்று கணவன் கேட்டால், "உங்களுக்கு இந்த மேசை எதுக்கு?" என்று மனைவி திருப்பிக் கேட்பாளாம். நம்ம கொற்கை முத்தும் அங்கே போனதுதானே! உரோமாபுரி வீட்டுச் சண்டைக்குக்கூடப் பாண்டிய நாடு சரக்கு அனுப்பியிருக்கிறது ஐயா!

அதே நூற்றாண்டில் டயாஸ்கோரிடிஸ் என்ற கிரேக்க மருத்துவர், 'அகாலோகன்' என்று ஒரு மரத்தைக் குறிக்கிறார். இந்தியாவிலிருந்தும் அரேபியாவிலிருந்தும் வருவது. மேசை மரத்தைப் போல இருக்கும். மென்றால் வாய் மணக்கும். சாம்பிராணிக்குப் பதிலாகப் புகைக்கலாம் என்கிறார். அந்தப் பெயருக்குள்ளே நம்ம 'அகில்' இருக்கிறது என்று அறிஞர்கள் காட்டுகிறார்கள். பழமுதிர்சோலை அருவி அகிலைச் சுமந்து, சந்தன மரத்தை உருட்டி வருவதாகத் திருமுருகாற்றுப்படை பாடுகிறது. நம்ம அழகர்மலைதான் அது என்று போற்றுகிறோம்.

"அந்த மரமெல்லாம் இப்ப எங்கே? வணிகம்தானே வெட்டித் தின்றது?" என்று எதிரணி கேட்கும். நியாயமான கேள்வி. அகில் மரத்தில் பூஞ்சை புகுந்து காயம்பட்ட இடம்தான் மணக்கும். அந்தக் காயத்தைத் தேடி, நல்ல மரத்தையும் சேர்த்து வெட்டினார்கள். அது வணிகம் இல்லை, கொள்ளை! நாளைக்கும் விற்க மரம் வேணும் என்று நினைக்கிறவன்தான் வியாபாரி.

2002-இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தி, சொந்த நிலத்துச் சந்தன மரம் நிலத்துக்காரருக்கே சொந்தம் என்றார்கள். அதற்குப் பிறகுதான் விவசாயி தைரியமாகக் கன்று நட்டார். இழந்த சந்தனத்தை வயல் வரப்புக்கே திரும்ப அழைத்து வருவதும் வணிகம்தான் என்று கூறி அமர்கிறேன்.