திறப்பும் அடைப்பும்: தரவுத்தள அமர்வின் வரலாறு

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் 1972ஆம் ஆண்டு தடையற்ற தொழில் மண்டலம் தோன்றியது. அவ்வாண்டே இண்டெல் நிறுவனம், அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை அங்கு நிறுவிற்று. ஜார்ஜ்டவுன் மக்கள் கணினியின் உடலை அறிந்தது இவ்வாறே. ஆயினும் உடல் மட்டும் கணினி ஆகாது. அதனை இயக்கும் ஒழுங்குமுறைக்கும் தனி வரலாறு உண்டு. ஒரு நிரல், தரவுத்தளத்தோடு தொடர்பு கொண்டு தன் வேலையை முடித்து விலகும் கால அளவை ‘அமர்வு’ என்பர். அதனை ஒழுங்கு செய்த கதை அவ்வரலாற்றின் இன்றியமையாப் பகுதியாகும்.

1970ஆம் ஆண்டு, ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஓசே ஆய்வகத்தில் பணியாற்றிய எட்கர் காட், தரவுகளை அட்டவணைகளாக அமைக்கும் கோட்பாட்டை வெளியிட்டார். அங்கேயே ஜிம் கிரே ‘பரிவர்த்தனை’ என்னும் கருத்துக்குத் தெளிவான வடிவம் தந்தார். ஒருவர் கணக்கிலிருந்து 100 ரிங்கிட் எடுத்து மற்றொருவர் கணக்கில் சேர்க்கவேண்டும் எனக் கொள்க. எடுத்தல் நிகழ்ந்து சேர்த்தல் நிகழாவிடில் பணம் மறைந்தே போகும். எனவே, இரண்டும் ஒருங்கே நிகழவேண்டும். அன்றேல் இரண்டும் நிகழாதிருத்தல் வேண்டும். பரிவர்த்தனைத் துறையில் ஆற்றிய பணிக்காக 1998ஆம் ஆண்டின் டூரிங் விருது கிரேயை அடைந்தது.

இடையில் மின்சாரம் நின்றால் என் செய்வது? சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று, 1981இல் ஐ.பி.எம். ஆய்வகத்தில் சேர்ந்த சி. மோகன், உடனாய்வாளருடன் 1992இல் வெளியிட்ட ‘ஏரிஸ்’ முறை இதற்கு விடை பகர்ந்தது. மாற்றம் ஒவ்வொன்றும் முதலில் பதிவேட்டில் ஏறும். தரவுத்தளம் மீண்டெழும்போது அப்பதிவேட்டைக் கொண்டு நடந்தவை மீளச் செய்யப்படும், நிறைவுறாதவை நீக்கப்படும். தமிழகத்தில் கல்வி கற்ற ஒருவரின் பங்கு இத்துறையின் அடித்தளத்திலேயே அமைந்திருப்பது மாணவர் அறியத்தக்கது.

தரவுத்தளம் உறுதிபெற்ற பின்னும் நிரல் எழுதுவோர்க்கு ஓர் இடர் எஞ்சி நின்றது. அமர்வைத் திறப்பவர் யார்? அடைப்பவர் யார்? திறந்த அமர்வை அடைக்க மறந்தால் இணைப்புகள் தீர்ந்துவிடும். போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் இயல்பாக 100 இணைப்புகளையே ஏற்கும். அதன்பின் வருவோர்க்கு இணைப்பு மறுக்கப்படும். மாறாக, ஒவ்வொரு சிறு செயலுக்கும் புது அமர்வு திறந்தால், எடுத்தல் ஒன்றிலும் சேர்த்தல் மற்றொன்றிலும் நிகழ்ந்து, பரிவர்த்தனையின் ஒருமை சிதையும்.

இதற்குத் தீர்வு மெல்ல உருவாயிற்று. கேவின் கிங் 2001இல் ‘ஹைபர்னேட்’ கருவியைத் தொடங்கினார். ராட் ஜான்சன் 2002இல் எழுதிய நூலிலிருந்து ‘ஸ்பிரிங்’ சட்டகம் பிறந்தது. 2004 ஜனவரியில் மார்ட்டின் ஃபவுலர் இம்முறைக்கு ‘டிபெண்டன்சி இன்ஜெக்ஷன்’ என்னும் பெயரை வழங்கி விளக்கினார். தமிழில் இதனைச் ‘சார்பு வழங்கல்’ எனலாம். பள்ளி ஆய்வுக்கூடத்தில் மாணவன் அலமாரியைத் தானே திறப்பதில்லை. உதவியாளர் கருவியை எடுத்துத் தருவார். பாடம் முடிந்ததும் திரும்பப் பெறுவார். அவ்வாறே, நிரலின் ஒரு பகுதி தனக்கு வேண்டிய அமர்வைத் தானே உருவாக்காது. காப்பாளன் அதனைத் தந்து, பணி முடிந்ததும் தானே அடைப்பான்.

2016இல் வெளிவந்த டாட்நெட் கோர், பொருள்களின் ஆயுளை மூன்றாக வகுத்தது: நிரல் இயங்கும் காலமெல்லாம் நிலைப்பது, ஒரு வேண்டுகோளின் அளவே வாழ்வது, கேட்கும்போதெல்லாம் புதிதாய்த் தோன்றுவது. தரவுத்தள அமர்வுக்கு உரியது பெரும்பாலும் நடுவணதே. பயனர் ஒருவரின் வேண்டுகோள் வந்ததும் அமர்வு பிறக்கும். பணி நிறைவேறினால் மாற்றங்கள் உறுதியாகும். பிழை நேர்ந்தால் மீட்டெடுக்கப்படும். எவ்வாறாயினும் முடிவில் அமர்வு அடைக்கப்படும். இவ்வமர்வை நெடுநாள் வாழும் பொருளொன்று தன்னிடமே வைத்துக்கொண்டால், குறுவாழ்வுடையது சிறைப்படும். பழைய தரவும் பிறர் பணியும் கலந்து கணக்குப் பிறழும்.

கருவிகள் மாறும், பெயர்களும் மாறும். பெறுவதற்கு ஒரு நேரம், திருப்பித் தருவதற்கு ஒரு நேரம், இரண்டிற்கும் பொறுப்பேற்க ஒருவர் என்னும் நெறி மாறாது. பிறமொழிச் சொற்களை மனனம் செய்வதோடு நில்லாது, அவற்றின் பின்னுள்ள காரணத்தைத் தாய்மொழியில் தெளிந்த மாணவனே நாளை புதியதொரு கருவியைக் கண்டும் கலங்கான்.