டிரெமலோ பிரிட்ஜ்

மின் கிதாரில் கம்பிகளைத் தாங்கிக்கொண்டே, கைப்பிடியை அழுத்தும்போது அவற்றின் சுருதியை ஒருசேர இறக்கித் தரும் அசையும் பாலமே டிரெமலோ பிரிட்ஜ். 1954இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இது ஆறு திருகுகளில் சாயும் தகடாக அமைந்தது. தகட்டின் அடியில் ஓர் உலோகக் கட்டை. கிதாரின் பின்குழியில் அதைப் பிடித்திழுக்கும் ஸ்பிரிங்குகள், ஐந்து வரை. கம்பிகள் முன்னே இழுக்க, ஸ்பிரிங்குகள் பின்னே இழுக்க, இரண்டும் சமமாகும் இடத்தில் பாலம் மிதக்கும். 1970களின் பிற்பகுதியில் ஃபிளாய்ட் ரோஸ் வடிவமைத்த வகை, கம்பிகளைக் கழுத்தின் தலைமுனையில் உள்ள நட்டிலும் பாலத்திலும் பூட்டிவிடுகிறது.

ராணிப்பேட்டையில் பிறந்த ஆர். பிரசன்னா போன்றோர் மின் கிதாரில் கர்நாடக இசை வாசிக்கும் தமிழ்நாட்டில், மிதக்கும் பாலத்தைவிட உடல்மேல் படியவைத்த பாலமே பொருத்தம். கமகத்துக்காக ஒரு கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தால் அதன் இழுவிசை கூடும். மிதக்கும் பாலம் அதற்கு இணங்கி முன்னே சாயும். மற்ற ஐந்து கம்பிகளும் தளரும். மூன்றாம் கம்பியில் ரிஷபத்தைக் காந்தாரத்துக்கு இழுத்தபடி, ஆதாரமாக மீட்டிய ஆறாம் கம்பியைக் கேட்டால் ஷட்ஜமே இறங்குவது காதில் படும். ஆதார சுருதி அசையும் வாத்தியத்தில் கமகத்துக்குப் பொருளில்லை. பெரியபாளையம், ஆரணிப் பக்கத்து ஆடித் திருவிழா இன்னிசைக் கச்சேரியில் வாசிப்பவருக்கு இன்னொரு காரணமும் உண்டு: நடுப்பாட்டில் ஒரு கம்பி அறுந்தால், மிதக்கும் பாலத்தில் எஞ்சிய ஐந்தும் சுருதி ஏறிவிடும், படிந்த பாலத்தில் அவை நின்ற இடத்திலேயே நிற்கும்.

பூட்டும் வகை சுருதி கலையாது என்பார்கள். கம்பி வழுக்குவதைப் பூட்டு தடுக்கும். மேலே சொன்ன இறக்கமோ வழுக்கலால் வருவதல்ல, சமநிலை மாறுவதால் வருவது. ஸ்பிரிங்கைக் கூட்டினால் அது குறையுமே தவிர ஒழியாது. படியவைத்தால் சுருதியை மேலே தூக்க முடியாது என்ற மறுப்பு மெய்தான். ஆனால் ஏற்றும் வேலையை இடக்கை விரலே செய்துவிடுகிறது. திறந்த கம்பியை அதன் சுருதிக்குக் கீழே இறக்குவதுதான் விரலால் ஆகாதது. அசையாப் பாலம் போதாது என்பதும் அதனால்தான்.

வாங்குமுன் அளவெடுக்க வேண்டும். ஃபெண்டரின் பழைய ஆறு திருகு வகையில் கோடித் திருகுகளின் இடைவெளியும், பின்வந்த இரு தூண் வகையில் தூண்களின் இடைவெளியும் ஏறத்தாழ 56 மி.மீ.; ஆசியாவில் செய்யும் மலிவுக் கிதார்கள் பலவற்றில் 52.5 மி.மீ.; ஃபிளாய்ட் ரோஸுக்கு 74 மி.மீ., அதற்கு மரத்தையும் குடைய வேண்டும். உடல் வழக்கத்தைவிட மெலிந்திருந்தால் கட்டை பின்னால் துருத்தக்கூடும். மலிவுக் கிதாரின் துத்தநாகக் கலவைக் கட்டைக்குப் பதில் எஃகுக் கட்டை போடுவது நல்லது. எஃகை அளவுக்குச் சீவி, துளைபோட்டு மரையிடுவது கும்மிடிப்பூண்டிப் பட்டறைகளுக்கு அன்றாட வேலை. பொருத்தியபின் கம்பிகளைச் சுருதிக்கு ஏற்றி, பின்குழியில் ஸ்பிரிங்குகளை இழுத்துப் பிடிக்கும் இரு திருகுகளையும் தகடு உடலில் படியும்வரை முடுக்கி, மேலும் அரைச் சுற்று முடுக்க வேண்டும். தூண்களின் உயரத்தை மாற்றுவதானால் கம்பிகளைத் தளர்த்திவிட்டே மாற்ற வேண்டும். இழுவிசையோடு திருகினால் தகட்டின் கத்திமுனை மழுங்கும். கடைசியாக, மூன்றாம் கம்பியை இழுத்தபடி ஆறாம் கம்பியை மீட்டிப் பார்க்க வேண்டும். டியூனர் முள் கீழே சரிந்தால் அந்த இரு திருகுகளையும் இன்னும் கொஞ்சம் முடுக்க வேண்டும்.