மேக்கன் போலிங் ஆலன்

மேக்கன் போலிங் ஆலன் (1816–1894), அமெரிக்காவில் வழக்கறிஞர் உரிமம் பெற்ற முதல் கருப்பினத்தவர். மெய்ன், மாசசூசெட்ஸ், தென் கரோலினா ஆகிய மூன்று மாநிலங்களில் தொழில் நடத்தியவர். நாடு முழுவதற்கும் பொதுவான வழக்கறிஞர் பதிவு அமெரிக்காவில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. மாநில நீதிமன்றங்களில் வாதாட அந்தந்த மாநிலம்தான் அனுமதி தர வேண்டும். ஊர் மாறும் வழக்கறிஞருக்குப் பெருஞ்சுமையான இந்த ஏற்பாடே ஆலனுக்கு வழிவிட்டது.

இந்தியானாவில் பிறந்த அவர், மெய்னின் போர்ட்லாந்து நகரில் அடிமைமுறை எதிர்ப்பாளரான வழக்கறிஞர் சாமுவேல் ஃபெசெண்டனிடம் சட்டம் பயின்றார். மூத்த வழக்கறிஞரின் அலுவலகமே சட்டப்பள்ளியாக இருந்த காலம் அது. ஃபெசெண்டன் அவரை நீதிமன்றத்தில் முன்மொழிந்தார். நன்னடத்தை உள்ள எவரையும் சேர்க்கச் சட்டம் இடம் தந்தும், ஆலன் குடிமகன் அல்லர் என்று சொல்லி மறுத்தார்கள். தேர்வு வழியே மீண்டும் விண்ணப்பித்துத் தேறி, 1844 ஜூலை 3 அன்று உரிமம் பெற்றார். உரிமம் வந்தது, கட்சிக்காரர் வரவில்லை. போர்ட்லாந்தில் கருப்பினத்தவர் மிகக் குறைவு, வெள்ளையரோ அவரிடம் வழக்கை ஒப்படைக்கவில்லை. பாஸ்டனுக்குப் பெயர்ந்தவர் அங்கே மறுபடியும் தேர்வுக்கு நிற்க வேண்டியிருந்தது. வண்டிக்குக் கொடுக்கப் பணமின்றி 50 மைல் நடந்தே அந்தத் தேர்வுக்குப் போனார் என்று அவரைப் பற்றிய வரலாறுகள் கூறுகின்றன. 1845 மே மாதம் மாசசூசெட்ஸ் உரிமமும் கிடைத்தது. சில ஆண்டுகளில் மிடில்செக்ஸ் கவுண்டியில் 'ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்' எனப்படும் சிறுவழக்கு நீதிபதியானார்.

1857இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில் நாட்டின் உச்ச நீதிமன்றம், கருப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்று தீர்ப்பளித்தது. உரிமம் வழங்கும் அதிகாரம் மத்தியில் குவிந்திருந்தால் ஆலனுக்குக் கதவு திறந்திருக்காது. மாநில அதிகாரம் ஒடுக்கவும் பயன்பட்டதே என்று கேட்கலாம். உண்மைதான்: அவர் பிறந்த இந்தியானாவே, 1851ஆம் ஆண்டு அரசமைப்பில், கருப்பினத்தவர் குடியேறுவதைத் தடைசெய்தது. ஆனால் ஒரு மாநிலம் அடைத்த வழியை இன்னொன்று திறக்க முடிந்தது என்பதே இங்கு கவனிக்க வேண்டியது. அந்தத் திறப்பு நிலைக்க நாடு தழுவிய காப்பும் வேண்டும் என்பதை ஆலனின் பிற்காலம் உணர்த்துகிறது. உள்நாட்டுப் போருக்குப் பின், 1868இல் 14ஆம் சட்டத்திருத்தம் குடியுரிமையை உறுதிசெய்தது; அதன் பிறகே, அடிமைமுறையின் கோட்டையாக இருந்த தென் கரோலினாவில் அவர் காலூன்ற முடிந்தது. சார்ல்ஸ்டனில் வில்லியம் விப்பர், ராபர்ட் எலியட் ஆகியோருடன் சேர்ந்து, நாட்டின் முதல் கருப்பினச் சட்ட நிறுவனமாகக் கருதப்படும் அலுவலகத்தை நடத்தினார். 1873இல் அங்கே நீதிபதியானார். மத்தியப் படைகளின் பாதுகாப்பு 1877இல் விலகியபின் தென் மாநிலங்களில் இத்தகைய வாய்ப்புகள் மங்கின. ஆலன் கடைசியில் வாஷிங்டனுக்குச் சென்று அங்கேயே காலமானார்.

மாநிலம் மாறியதால் ஆலன் மறுபடியும் தேர்வுக்கு நிற்க வேண்டியிருந்த அந்தச் சுமை இன்று ஓரளவு குறைந்திருக்கிறது: 2011 முதல் நடைபெறும் பொது வழக்கறிஞர் தேர்வின் மதிப்பெண்ணை இன்று பல மாநிலங்கள் ஏற்கின்றன.