செவ்வாய்க் கிரகத்தவரும் தஸ்மேனியத் தீவும்

வேற்றுக்கிரகவாசிகள் பூமியைத் தாக்க வருவதும், வீரன் ஒருவன் புறப்பட்டு உலகைக் காப்பாற்றுவதும் இன்று பள்ளிச் சிறுவரும் அறிந்த கதை. ஆனால், இக்கதை மரபின் ஊற்றுக்கண் எனத் தக்க நூலை எடுத்துப் பார்த்தால் அங்கே அப்படியொரு வீரனே இல்லை. எச்.ஜி. வெல்ஸ் எழுதிய 'உலகங்களின் யுத்தம்' என்னும் நாவலையே குறிப்பிடுகிறேன். 1897இல் இங்கிலாந்துச் சஞ்சிகை ஒன்றில் தொடராக வந்து, 1898இல் நூலுருப் பெற்றது அது.

வெல்ஸ் சிறிய கடைக்காரர் ஒருவரின் மகன். துணிக்கடையிலே தொழில் பழக விடப்பட்டு, அதை வெறுத்து வெளியேறியவர். 1884இல் லண்டனுக்குக் கற்கச் சென்றபோது, டார்வினின் கொள்கைக்காக வாதாடிய ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயிலும் வாய்ப்புக் கிட்டியது. உயிரினங்களிடையே நிகழும் ஓயாத போட்டி பற்றிய எண்ணம் அவர் மனத்தில் வேரூன்றியது அங்கேதான்.

செவ்வாயை அவர் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. 1877இல் இத்தாலிய வானியலாளர் ஸ்கியாப்பரெல்லி அக்கிரகத்தில் கோடுகளைக் கண்டதாகக் கூறி, அவற்றை 'கனாலி' என்றார். இயற்கையாக அமைந்த நீர்த்தடத்தையும் அச்சொல் குறிக்கும். ஆங்கிலத்திலோ அது வெட்டப்பட்ட கால்வாய் ஆயிற்று. கால்வாய் இருந்தால் வெட்டியவனும் இருக்க வேண்டுமல்லவா? அமெரிக்கச் செல்வந்தர் பேர்சிவல் லோவெல் 1894இல் அரிசோனாவில் வானாய்வு நிலையம் அமைத்தார். வறண்டு வரும் உலகில் நீருக்காகப் போராடும் அறிவார்ந்த இனம் ஒன்றைப் பற்றி எழுதலானார். 1965இல் மரினர் 4 விண்கலம் அனுப்பிய படங்களில் கால்வாய் எதுவும் இருக்கவில்லை. ஒரு சொல்லின் மொழிபெயர்ப்பிலே ஒரு நாகரிகம் முளைத்த விந்தை, மொழி கற்பிக்கும் என் போன்றவர்களுக்குச் சற்று அச்சமூட்டுவதுதான்.

ஆயினும், நாவலின் கரு வானத்திலிருந்து வரவில்லை. வெல்ஸும் அவர் தமையன் பிராங்கும் சரே மாவட்டத்து வயல்வெளியில் நடந்துகொண்டிருந்தபோது, ஐரோப்பியரின் வருகையால் தஸ்மேனிய மக்களுக்கு நேர்ந்த கதியைப் பற்றிப் பேசினராம். வானிலிருந்து எவரேனும் திடீரென இறங்கி நம்மிடம் அவ்வாறே நடந்துகொண்டால்? தமையன் எழுப்பிய இக்கேள்வியே நூலாயிற்று. நூலும் அவருக்கே காணிக்கையாக்கப்பட்டது. செவ்வாய்க் கிரகத்தவரைக் கொடியவர் என்று தீர்ப்பளிக்குமுன், தஸ்மேனியாவில் நம்மவர் செய்ததை எண்ணிப் பாருங்கள் என்று முதல் அத்தியாயத்திலேயே வாசகரிடம் கேட்கிறார் வெல்ஸ். பேரரசின் பெருமிதம் உச்சத்தில் இருந்த காலத்தில், அதுவும் லண்டன் வாசகரிடம் கேட்கிறார்.

1803இல் ஆங்கிலேயர் தஸ்மேனியாவில் குடியேறினர். ஆயிரக்கணக்கில் வாழ்ந்த பூர்வீக மக்கள் துப்பாக்கிக்கும் நோய்க்கும் இரையாகினர். எஞ்சியவர்களிற் பெரும்பாலோர் பிளின்டர்ஸ் தீவுக்கு அகற்றப்பட்டனர். சுவாச நோய்கள் அவர்களை அங்கே மேலும் வாரிக்கொண்டன. 1847இல் அத்தீவிலிருந்து மீட்டுக் கொண்டுவரப்பட்டோர் 47 பேர் மட்டுமே. அவர்களுள் ஒருவரான துருகனினி என்ற பெண்மணி 1876இல் மறைந்தபோது, அந்த இனமே அற்றுப்போயிற்று என்று உலகம் எழுதிவைத்தது. வெல்ஸும் அப்படியே நம்பினார். அது தவறு. அம்மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர். தம் முன்னோர் மொழிகளின் எச்சங்களைத் திரட்டி மீட்டெடுத்தும் வருகின்றனர்.

நாவலில் செவ்வாய்க் கிரகத்தவர் வெப்பக் கதிராலும் கரும்புகையாலும் இங்கிலாந்தின் தென்பகுதியைச் சுடுகாடாக்குகின்றனர். வோக்கிங் நகரில் வசித்த வெல்ஸ், துவிச்சக்கர வண்டியில் சுற்றித் திரிந்து, எந்த ஊரை எப்படி அழிக்கலாம் என்று இடம் பார்த்தவர். பீரங்கிகள் தோற்கின்றன. மதகுரு புலம்புகிறார். போர்வீரன் ஒருவன் பாதாளத்திலிருந்து எழப்போகும் புதிய மனித இனம் பற்றி வீரம் பேசுகிறான். வேலை செய்யச் சொன்னால் சீட்டாடுகிறான். (இந்தப் பகுதியை ஆங்கிலத்தில் ஒருமுறை படித்துப் பாருங்கள், எத்தனையோ மேடைகள் நினைவுக்கு வரும்.) முடிவில் வந்தவர்களைக் கொல்பவை, அவர்கள் உடல் அறியாத நம் பூமியின் நுண்கிருமிகள்.

இங்கேதான் வெல்ஸ் வரலாற்றைத் தலைகீழாக்கினார் என்பது என் எண்ணம். தஸ்மேனியாவிலும் அமெரிக்காவிலும் கிருமிகள் வந்தவனோடு கூட வந்து இருந்தவனைக் கொன்றன. மண்ணின் நோய் வந்தவனைக் கொன்றதும் உண்டு. தஸ்மேனியாவில் கால் வைத்த அதே 1803இல் கண்டிக்குள் புகுந்த பிரித்தானியப் படை, காய்ச்சலால் நலிந்து யூன் மாதத்தில் அழிந்தது. ஆனால், 1815இல் கண்டியும் வீழ்ந்தது. நோய் தந்தது அவகாசம் மட்டுமே. நாவலிலோ அது முழு விடுதலை தருகிறது.

இது வானொலித் தொடராதலால் ஓர்சன் வெல்ஸை விட்டுவிட முடியாது. இவருக்கும் நாவலாசிரியருக்கும் உறவில்லை. ஒலி ஒற்றுமை மட்டுமே. 1938 ஒக்டோபர் 30ஆம் திகதி நாவலைச் செய்தி அறிக்கை பாணியில் நியூ ஜேர்சியில் நடப்பதாக ஒலிபரப்பினார். நாடே பீதியில் ஓடியது என்பது பத்திரிகைகள் பெருக்கிய கதை, கேட்டவர்களே சொற்பம். 1949இல் ஈக்குவடோரின் கீற்றோ நகரில் நிகழ்ந்ததோ மெய்யான சோகம். ஏமாற்றப்பட்டதை அறிந்த மக்கள் நிலையக் கட்டடத்திற்குத் தீ வைத்தனர்; உயிர்கள் பலியாகின.

அமெரிக்க ஒலிபரப்பில் தஸ்மேனியா இடம்பெறவில்லை. 1953இல் வந்த திரைப்படத்திலும் இல்லை. 1996இல் வெளியான 'இன்டிபென்டன்ஸ் டே' படத்தில் நுண்கிருமி கணினி வைரஸாக மாறியது. அதை வேற்றுக்கிரகத்தவரின் கப்பலுக்குள் எடுத்துச் சென்று செலுத்த, இரண்டு அமெரிக்க வீரர்களும் வந்து சேர்ந்தனர்.