கட்டடங்களில் நீர்ச்சேதம்: மீன்சுருட்டி வட்டாரம்

கட்டடங்களில் நீர்ச்சேதம் என்பது மழை, மண்ணின் ஈரம், வெள்ளம், குழாய்க் கசிவு ஆகியவற்றால் கூரை, சுவர், மரவேலை முதலியன வலுவிழப்பது. அரியலூர் மாவட்டத்தின் மீன்சுருட்டி வட்டாரத்தில் இச்சேதம் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் வெளிப்படுகிறது. தெற்கே கொள்ளிடக் கரையோர ஊர்களில் வெள்ளமும் சேர்ந்துகொள்ளும். வெள்ளம் இப்பருவமழைக்கு முன்பே வருவதும் உண்டு: 2018, 2022 ஆகிய ஆண்டுகளின் ஆகஸ்ட் மாதங்களில் ஆறு கரைபுரண்டது.

கூரை ஒழுக்கு

அருகிலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்தின் மாளிகைமேட்டு அகழாய்வில், 11ஆம் நூற்றாண்டு சோழர் அரண்மனையின் செங்கல் சுவர்களும் கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் கிடைத்தன. சரிந்த ஓட்டுக்கூரையில் நீர் தங்காது. இன்றைய கான்கிரீட் தளமோ தட்டையானது. ஆகவே அதன்மேல் வாட்டம் கொடுத்துச் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கலவை போட்டுத் தட்டோடு பதிப்பது தமிழக வழக்கம். தட்டோட்டின் இடுக்குப் பூச்சு விட்டாலோ, மழைநீர்க் குழாயின் வாயைச் சருகு அடைத்தாலோ நீர் தேங்கிக் கான்கிரீட்டுக்குள் உள்ள கம்பி வரை இறங்கும். துரு, இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் பிடிப்பதால் கான்கிரீட் உள்ளிருந்தே வெடித்துப் பொருக்குப் பொருக்காக உதிரும். பழைய தொகுப்பு வீடுகளில் இதைப் பரவலாகக் காணலாம்.

ஓதம்

செங்கல்லின் நுண்துளைகள் வழியே மண்ணின் ஈரம் மேலேறுவது ஓதம். பொதுவாகத் தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் வரை ஏறும். ஈரம் ஆவியானதும் அது கொண்டுவந்த உப்பு பூச்சுக்குள் படிகமாகி, சுவர் வெள்ளையாகப் பூத்துப் பொடியாகக் கொட்டும். இதைத் தடுக்கப் பேஸ்மட்டத்தின்மேல், சுவர் எழுப்புமுன், ஈரத்தடுப்புப் படுகை இடுவர். மண்சுவருக்குச் சாரலும் பகை. இறங்கிய தாழ்வாரமும் உயர்ந்த திண்ணையும் அதற்குக் காப்பு.

கண்டறிதல்

கறையின் இடமே முதல் தடயம். கூரையடியில் தொடங்கினால் ஒழுக்கு. தரையிலிருந்து பட்டையாக ஏறினால் ஓதம். கோடையிலும் ஓரிடத்தில் மட்டும் காயாமல் இருந்தால் குழாய்க் கசிவு எனக் கருதலாம். ஐயமிருந்தால் ஓரடிச் சதுர பாலிதீன் தாளின் நான்கு ஓரங்களையும் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விட வேண்டும். சுவரை ஒட்டிய பக்கம் வியர்த்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்தால் அறைக்காற்றின் ஈரம்.

பழுதுநீக்கம்

நீர் வரும் வழியை அடைப்பது முதல் வேலை, சுவரைக் காயவிடுவது இரண்டாவது, பூச்சு கடைசி. ஓதம் ஏறிய சுவரில் சிமெண்டோ டைல்ஸோ போட்டு மறைத்தால் ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் உயரம் ஏறும். துருப்பிடித்த கம்பியைச் சுரண்டித் துருத்தடுப்புப் பூச்சு அடித்த பிறகே காரை பூச வேண்டும். வெள்ளம் புகுந்த வீட்டில் மெயின் சுவிட்சை அணைத்து, மின்பணியாளர் சோதித்த பின்பே மீண்டும் போட வேண்டும். நனைந்த பொருள்களில் ஓரிரு நாளில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் சேற்றை அள்ளிக் காற்றோட்டம் தருவதைத் தள்ளிப்போடக் கூடாது. ஊறிய மண்சுவர் மழை விட்ட பிறகும் சரியக்கூடும். அது முழுதும் காயும்வரை உள்ளே படுப்பது ஆபத்து.