ஆங்கிலப் பட்டப்படிப்பு (அம்பாறைக் கரையோரம்)

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களில் தமிழ்மொழி மூலம் பயின்று, க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் பெற்ற இசட் புள்ளிக்கேற்பப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதி பெறும் மாணவர் நாடத்தக்க கலைமாணிப் பட்டங்களுள் ஒன்று.

வகை: மூன்றாண்டுப் பொதுப் பட்டத்தில் ஆங்கிலம் பிற பாடங்களோடு சேர்ந்து நிற்கும்; நான்காண்டுச் சிறப்புப் பட்டத்தில் அதுவே பிரதான பாடமாகும்.

துறைகள்: கவிதை, நாடகம், நாவல் ஆகியவற்றை விமர்சன நோக்கில் ஆராய்வது இலக்கியம்; ஒலி, சொல், வாக்கியம் ஆகியவற்றின் அமைப்பை விளக்குவது மொழியியல்; தாய்மொழி வேறாயுள்ள பிள்ளைகளுக்கு ஆங்கிலம் புகட்டும் முறைகளைப் பயிற்றுவது இரண்டாம் மொழிக் கற்பித்தல்.

நிலையங்கள்: 1942இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் லுடோவைக் இலக்கியத்தோடு நாடகக் கலையையும் வளர்த்த மரபு பின்னர் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு உரியதாயிற்று. களனிப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துக்கும் மொழியியலுக்கும் தனித்தனித் துறைகள் உள. தொழில்புரிவோர்க்கு 1980இல் நிறுவப்பெற்ற திறந்த பல்கலைக்கழகம் துணையாகும். அன்றைய அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரப்பின் பெருமுயற்சியால் 1995இல் கல்லூரியாகத் தொடங்கி, மறுவருடம் பல்கலைக்கழகமாக உயர்ந்த ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில், ஏனைய பீடங்களின் மாணவர்க்கும் ஆங்கிலம் போதிக்கும் ஆங்கிலமொழி கற்பித்தல் துறை இயங்குகின்றது.

தெரிவு: ஆசிரியத் தொழிலை விரும்புவோர்க்குக் கற்பித்தலும், மொழிபெயர்ப்பையும் மொழியாராய்ச்சியையும் நாடுவோர்க்கு மொழியியலும், எழுத்து, பத்திரிகை ஆகியவற்றில் நாட்டமுடையோர்க்கு இலக்கியமும் பொருந்தும்; எதனைத் தேர்ந்தாலும், அனுமதிக்கு வேண்டிய பாடத் தகைமைகளை உயர்தர வகுப்பில் சேருமுன்னரே ஆராய்ந்தறிதல் அவசியம்.