ஐந்து கோடுகளும் ஏழு எழுத்துகளும்: எட்டயபுரத்தில் சுரம் எழுதிய வரலாறு

மேற்கத்திய இசை எழுத்து திருநெல்வேலிச் சீமைக்கு மிஷனரிகளோடு வந்தது, தேவாலயப் பாடகர் குழுவோடு நின்றது, கர்நாடக சங்கீத வித்வான்கள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். இதில் பாதிதான் உண்மை. அன்று திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்த எட்டயபுரம் சமஸ்தானத்தில் அந்த எழுத்தை நன்றாகவே பார்த்தார்கள். 1904இல் அங்கு அச்சான சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' பிறந்ததற்கே அது ஒரு தூண்டுதல். மேற்கத்திய முறையிடமிருந்து, ஒரு பாட்டின் நுணுக்கங்களைத் தாளில் பிடித்துவிட முடியும் என்ற நம்பிக்கையை எட்டயபுரம் ஏற்றுக்கொண்டது. சுருதியைப் படிக்கும் வழியை மட்டும் தெரிந்தே விட்டுவிட்டது என்பது என் வாதம்.

அந்த வழி என்ன என்பதைச் சற்று விரித்துப் பார்க்க வேண்டும். ஐந்து கிடைக்கோடுகள், இடையில் நான்கு வெளிகள். கீழிருந்து மேலே எண்ண வேண்டும். குறி ஏற ஏறச் சுருதியும் ஏறும். ஆனால் வெறும் கோட்டுக்குப் பெயர் கிடையாது. வரியின் தொடக்கத்தில் நிற்கும் கிளெஃப் குறிதான் பெயர் வைக்கிறது. டிரெபிள் கிளெஃபின் சுருள் இரண்டாம் கோட்டைச் சுற்றி நின்று அதை ஜி என்கிறது. பேஸ் கிளெஃபின் இரு புள்ளிகள் நான்காம் கோட்டின் இருபுறமும் நின்று அதை எஃப் என்கின்றன. ஒன்று தெரிந்தால் மற்றவற்றை எண்ணிப் பிடித்துவிடலாம். எனினும் கண் ஒரு விஷயத்தில் ஏமாறும்: கோட்டிலிருந்து அடுத்த வெளிக்கு எப்போதும் ஒரே தூரம்தான், ஆனால் சி-டிக்கு நடுவே முழுச்சுரம், இ-எஃப்புக்கும் பி-சிக்கும் நடுவே அரைச்சுரம். ஷார்ப், ஃபிளாட் குறிகள் இதன்மேல் மாற்றம் செய்கின்றன. ஆக, முதலில் இடம், பிறகு உறவு. நம் சங்கீதத்தில் இது தலைகீழ். பாடுகிறவர் எங்கே ஷட்ஜம் வைக்கிறாரோ அங்கிருந்துதான் ரி, க எல்லாம் பிறக்கின்றன.

கோடுகளை விட்ட இந்தத் தேர்வுக்கு முன்மாதிரி சுப்பராம தீட்சிதரின் வீட்டிலேயே இருந்தது. முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் எட்டயபுரத்தில் மறைந்தார். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786-1858) சென்னையில் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, எட்டயபுரத்தில் ஆஸ்தான வித்வானாக இருந்தவர். அவருடைய மகள்வயிற்றுப் பேரனும் தத்துப்பிள்ளையும்தான் சுப்பராம தீட்சிதர். ஐரோப்பியர் வயலினை ஜி, டி, ஏ, இ என்று நிலையான சுரங்களில் கூட்டுவார்கள். தென்னாட்டுக் கச்சேரி வயலினோ ச-ப-ச-ப என்று பாடகரின் சுருதிக்கேற்பக் கூடும். கருவி வந்தது, நிலையான சுருதி வரவில்லை. எழுத்திலும் இதுவே நடந்தது.

எட்டயபுரத்துக்கு அந்த எழுத்தைக் கொண்டுவந்தவர் ஏ. எம். சின்னசாமி முதலியார். எம்.ஏ. படித்த கத்தோலிக்கர், சென்னை அரசுப் பணியில் இருந்தவர். கர்நாடகக் கிருதிகளை ஐந்து கோட்டு முறையில் எழுதி 1890களில் வெளியிட்டார். முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளைத் தேடி எட்டயபுரத்துக்கும் வந்தார். கிருதிகள் அழியாமல் அச்சேற வேண்டும் என்ற அவருடைய வேண்டுகோளும் சமஸ்தானத்தின் ஆதரவும் சேர்ந்துதான் சுப்பராம தீட்சிதரை எழுத வைத்தன. ஆனால் வெளிவந்த நூலில் ஐந்து கோடுகள் இல்லை. தெலுங்கு லிபியில் சுர எழுத்துகள், ஸ்தாயிக்குப் புள்ளிகள், கம்பிதம், ஸ்புரிதம், நொக்கு, ரவை, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு என ஒவ்வொரு கமகத்துக்கும் தனிக்குறி.

ச என்பதைச் சி என்று வைத்துக்கொண்டால் எந்த ராகத்தையும் கோட்டில் எழுதலாமே என்று கேட்கலாம். எழுதலாம், முதலியார் எழுதியும் காட்டினார். படிப்பதில்தான் சிக்கல். மாயாமாளவகௌளைக்கு டி, ஏ இரண்டுக்கு மட்டும் ஃபிளாட் வேண்டும். பி-யில் தொடங்கி இ, ஏ, டி என்று வரிசையாகச் சேரும் ஐரோப்பிய ஃபிளாட் அட்டவணையில் இப்படி ஒரு வரிமுகப்புக் குறியமைப்பே கிடையாது. கனகாங்கியின் சுத்த காந்தாரமோ இ-க்கு இரட்டை ஃபிளாட். கண் இ-யைப் பார்க்க, கை டி-யை வாசிக்க வேண்டும். வேங்கடமகி வழியில் ர-ரி-ரு, க-கி-கு என்று உயிரெழுத்தை மாற்றினாலே சுரஸ்தானம் தெரிந்துவிடுகிறது. ஒரு வேலையைக் கச்சிதமாகச் செய்யும் கருவி கையில் இருக்கும்போது அதைவிடச் சுற்றுவழியை யார் எடுப்பார்?

அச்சு வசதி இல்லாததால் கோடுகளை விட்டிருக்கலாம் என்ற ஐயமும் நிற்காது. சாதாரண அச்சுப்பெட்டியில் இல்லாத கமகக் குறிகளையெல்லாம் பக்கம் பக்கமாக அச்சேற்றிய நூல் அது. இதைவிட வலுவான ஆட்சேபம் தேவாலயத்திலிருந்து வருகிறது: அங்கே பாடுகிறவர்களும் இதே மண்ணின் மக்கள்தானே, அவர்களுக்கு மட்டும் கோடு எப்படிப் பொருந்தியது? பாமாலை நான்கு குரலில் ஒலிக்கிறது. சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் ஒரே நொடியில் எங்கே நிற்கின்றன என்று மேலும் கீழுமாகப் பார்க்கக் கோடுகள்தான் உதவும். கீர்த்தனையில் அந்தத் தேவை இல்லை. அதோடு, ஜான் கர்வென் 19ஆம் நூற்றாண்டில் பரப்பிய டானிக் சால்ஃபா எழுத்துமுறை தமிழ்ப் பாடகர் குழுக்களிலும் வழங்கியது. அதில் டோ எங்கும் நகரும். நம் ஷட்ஜத்துக்கு அது உறவுமுறைதான். தேவாலயத்துக்குள்ளும் நகரும் ஆதாரசுரத்துக்கு ஓர் இடம் இருந்தது.

நிலையான சுருதி வேறொரு வாசல் வழியாக உள்ளே வரத்தான் செய்தது. பாடகர் ஐந்து கட்டையில் பாடுகிறார் என்றால் ஆர்மோனியத்தின் ஜி கட்டை அவருக்கு ஷட்ஜம். ஒரு கட்டை என்றால் சி. ஆனால் அந்த எண் ஷட்ஜத்தோடு நின்றுவிடுகிறது. ரிஷபத்தை யாரும் கட்டைக் கணக்கில் சொல்வதில்லை.

சிற்றாற்றுப் பகுதியின் சாம்பவர் வடகரையில் 1859இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர் தேவாலய இசை, கர்நாடக சங்கீதம் என்ற இந்த இரு உலகங்களிலும் புழங்கியவர். 1917இல் வெளிவந்த அவருடைய 'கருணாமிர்த சாகரம்' 22 சுருதிக் கணக்கை மறுத்து, ஸ்தாயியைச் சம அளவான 12, 24 பங்குகளாகப் பிரிப்பதே பழந்தமிழ் முறை என்று வாதிட்டது. கீபோர்டின் சம இடைவெளிக்கு மிக அருகில் வரும் கொள்கை இது. அந்தக் கணக்கு சரியா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. நம் கேள்விக்கு வேண்டியது இவ்வளவுதான்: சுரங்களைச் சம பங்காக்கத் துணிந்த பண்டிதரும் பழந்தமிழ் முறைகளான ஆயப்பாலையையும் வட்டப்பாலையையும் அளக்கத் தொடங்கியது ஷட்ஜத்திலிருந்துதான்.